முகம் ஓர் அமானிதம்

புகைப்படக் கருவியைத் தோளில் தொங்கவிட்டுத் திரிந்த நாட்களில் நம்மைக் கண்டோர் கேட்ட முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். “பெரிய மனிதர்களில் யார் யாரை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்கள்?” என்பர். திருமணப் பந்தியிலும் இக்கேள்வி. இரயில் பயணத்திலும் இக்கேள்வி. நாமும் சலிக்காமல் பட்டியலை ஒப்புவிப்போம். மேடையில் முழங்கிய பாடகர், பெருங்கூட்டத்தைத் தம் பேச்சால் கட்டிப்போட்ட தலைவர், திரையில் மட்டுமே மக்கள் கண்டிருந்த நடிகர் ஆகியோரை மூன்று முழத் தொலைவில் நின்று படம் எடுத்த கதைகளைச் சொல்லுவோம். கேட்போர் வியப்பர். நமக்கும் உள்ளூர ஒரு செருக்கு.

இன்று நமக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. தனிமையில் அமர்ந்து பழைய நாட்களை எண்ணும்போது அப்பெரிய மனிதர்களின் முகங்கள் கண்முன் வருவதில்லை. நாகூரில், இடிந்த சுவரொன்றின் மேல் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியின் முகமே வருகிறது. அந்த அம்மையாரிடம் நாம் பட்ட கடனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். ஆயினும், புகழ்பெற்றோரின் முகங்களை அணுகிய சிலருடைய கதையை முதலில் சொல்லிவிடுதல் நன்று. அதைச் சொன்னாலன்றி நாம் செய்த பிழையின் அளவு வாசகர்களுக்கு விளங்காது.

கறுப்புத் துணிக்குள் கற்ற பாடம்

1966ஆம் ஆண்டில், நமது 14ஆம் வயதில், ஊரிலிருந்த புகைப்பட நிலையம் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தோம். அதை நடத்தியவர் மலாயாவில் தொழில் கற்றுத் திரும்பிய ஒரு பெரியவர். மூன்று கால் மரத்தாங்கி, அதன்மேல் துருத்தி வைத்த பெரிய கருவி, தலையை மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. இவையே அவருடைய சொத்து. அந்நாளில் ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கப்பலேறும் சபராளிகள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ள வருவர். நிலையத்தின் வருவாயில் பெரும்பகுதி அவர்களால் வந்ததே.

கடல் கடந்து கணவரிடம் செல்லவிருக்கும் பெண்கள் படமெடுக்க வந்தால் பெரியவரின் முறையே தனி. நம்மை வாசலுக்கு அனுப்பிவிடுவார். உடன் வந்த தந்தையோ மாமியாரோ அருகில் நிற்க, சட்டம் கேட்கும் அளவுக்கு முகம் தெரியும்படி ஒரே ஒரு படம் எடுப்பார். படிகளைக் கொடுக்கும்போது நெகட்டிவையும் உறையிலிட்டுக் கொடுத்துவிடுவார்.

“நெகட்டிவ் நம்மிடம் இருந்தால்தானே அடுத்த முறையும் நம்மிடம் வருவார்கள்? காசும் வருமே!” என்று ஒருநாள் கேட்டுவிட்டோம்.

பெரியவர் சினம் கொள்ளவில்லை. “தம்பி, ஒரு வீட்டுப் பெண்பிள்ளையின் முகம் நம் கடை அலமாரியில் கிடந்தால் இரவில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? அது அமானிதம். உடையவரிடம் சேர்த்துவிட வேண்டும்” என்றார். அச்சொல்லின் கனம் அன்று நமக்கு விளங்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சியும் நினைவில் நிற்கிறது. கந்தூரிக் காலத்தில் ஓரிரவு, புகழ்பெற்ற பாடகர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். கச்சேரி முடிந்தபின் படம் எடுத்துக்கொள்ள இசைவு தந்திருந்தார். பெரியவரின் பின்னே கருவியைச் சுமந்துகொண்டு நாமும் அவர் தங்கியிருந்த அறைக்குச் சென்றோம். மேடையில் அவரைச் சிங்கமெனக் கண்டிருந்தோம். அறையிலோ, தொப்பியைக் கழற்றி வைத்து, சட்டைப் பொத்தான்களைத் தளர்த்தி, வெந்நீரால் தொண்டையை நனைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நரைத்த தலை, வியர்வை வழியும் கழுத்து, களைத்த கண்கள். இதுவன்றோ படம் என்று நம் மனம் துள்ளியது. பெரியவரோ கருவியின் மூடியைத் திறக்கவேயில்லை. பாடகர் அதைக் கவனித்துப் புன்னகை செய்தார். “சற்றுப் பொறுங்கள், தொப்பி வைத்துக்கொள்கிறேன்” என்று எழுந்து முகம் கழுவி வந்து நிமிர்ந்து அமர்ந்தார். அதன் பிறகே மூடி திறந்தது.

திரும்பும் வழியில், முதலில் கண்ட கோலமே உண்மையானது என்று நாம் வாதிட்டோம். “உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவருடையது, நம்முடையது அன்று” என்றார் பெரியவர். சற்று தூரம் நடந்தபின், “அவர் பொறு என்றார், பொறுத்தோம். பொறு என்று சொல்ல வாயில்லாதவர்கள் உண்டு. அவர்களிடம் நாமாகவே பொறுக்க வேண்டும்” என்றும் சொன்னார். பதினொரு ஆண்டுகள் கழித்து இதை மறந்துவிடுவோம் என்று அன்று யார் அறிவார்?

சுருட்டைப் பறித்த கை

தொழிலில் ஊன்றிய பின்னர், உலகறிந்த படங்கள் எடுக்கப்பட்ட வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தோம். அவ்வாறு அறிமுகமானவர் யூசுப் கார்ஷ். பெயரைக் கண்டு நம்மவர் என்றே முதலில் எண்ணினோம். அவரோ ஆர்மீனியக் கிறித்தவர். உதுமானியப் பேரரசிலிருந்த மார்தின் நகரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர். ஆர்மீனியர்கள் பட்ட கொடுந்துன்பங்களினூடே வளர்ந்து, குடும்பத்தாருடன் ஹலப் நகருக்குத் தப்பி வந்து, பிறகு கனடாவில் புகைப்பட நிலையம் வைத்திருந்த தாய்மாமனிடம் அனுப்பப்பட்டவர். அந்த அகதிச் சிறுவனே பின்னாளில் அரசர்களையும் அறிஞர்களையும் தன் கருவியின் முன் அமர்த்தினான்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், பிரித்தானியப் பிரதமர் சர்ச்சில் கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். உரை முடிந்ததும் அவரைப் படம் எடுப்பதற்காக, சபாநாயகரின் அறையில் விளக்குகளை முந்திய இரவே அமைத்துவிட்டுக் கார்ஷ் காத்திருந்தார். சர்ச்சிலுக்கோ இச்செய்தியை எவரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே வந்தவர் விளக்குகளைக் கண்டு உறுமினார். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் இசைந்தார். வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. கார்ஷ் சாம்பல் கிண்ணத்தை நீட்டினார்; சர்ச்சில் சுருட்டை விடுவதாயில்லை. அப்போது கார்ஷ் அருகே சென்று, மன்னிக்குமாறு பணிவுடன் சொல்லிக்கொண்டே அச்சுருட்டை அவர் வாயிலிருந்து பறித்துவிட்டார்! திரும்பி வந்து கருவியை இயக்கிய கணத்தில், தம்மை விழுங்கிவிடுவது போல் பார்த்துக்கொண்டிருந்த முகம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. எதற்கும் அஞ்சாத நாட்டின் முகம் என்று உலகம் அதைக் கொண்டாடியது. 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட ஐந்து பவுன் நோட்டில் இருப்பதும் அம்முகமே.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். ஆனால் அடுத்து நடந்ததே நமக்கு முக்கியம். கோபம் தணிந்த சர்ச்சில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ள இசைந்தார். அதில் அவர் புன்னகையுடன் இருக்கிறார். சீறும் சிங்கத்தையும் அசையாமல் நிற்க வைத்துவிட்டீர் என்ற பொருள்படப் பாராட்டிக் கைகுலுக்கியும் விடைபெற்றார். ஒரு பேரரசின் பிரதமர் அவர். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கார்ஷ் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போயிருக்க வேண்டியதுதான். பறித்த கை துணிந்த கை என்றால், அதற்கு இடம்கொடுத்தவரும் வலியவர்.

துணிவு ஒன்றே கார்ஷின் கலை என்றும் எண்ணிவிட வேண்டா. 1954ஆம் ஆண்டில், பிரான்சில் ஒரு பழைய மடாலயத்தில், பாப்லோ கசால்ஸ் என்னும் பெரும் இசைக் கலைஞரைப் படமெடுக்கச் சென்றார். அவர் செல்லோ வாசிக்கத் தொடங்கியதும், அவ்விசையில் தம்மை மறந்த கார்ஷ், அவரைத் திரும்பச் சொல்ல மனம் வராமல், முதுகுப்புறத்திலிருந்தே படமெடுத்தார். முகமே தெரியாத உருவப்படம் அது. பின்னாளில் அப்படம் ஒரு கண்காட்சியில் தொங்கியபோது, முதியவர் ஒருவர் நாள்தோறும் வந்து அதன்முன் நெடுநேரம் நின்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, தாம் இசை கேட்டுக்கொண்டிருப்பதாக விடை சொன்னாராம். ஒரு மனிதரை மிக நெருங்கிவிட்டதற்கு அவருடைய முகத்தைக் கைப்பற்றியிருக்க வேண்டும் என்பதில்லை என்று கார்ஷே நமக்குக் காட்டியிருக்கிறார்.

மூன்று விளக்குகள்

மார்கரெட் பர்க்-ஒயிட் ‘லைஃப்’ என்னும் அமெரிக்க இதழின் புகைப்படக் கலைஞர். 1946ஆம் ஆண்டில் காந்தியடிகளைப் படமெடுக்கப் பூனாவுக்கு வந்தார். செயலாளர் அவரிடம் வைத்த முதல் நிபந்தனை, இராட்டையில் நூற்கக் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்பது. நூற்பவரைப் படமெடுக்க வந்தவருக்கு நூற்பு என்னவென்று தெரிய வேண்டாமா? பர்க்-ஒயிட் அமர்ந்து நூற்கப் பழகினார். அடுத்த நிபந்தனைகளும் வந்தன. அன்று காந்தியடிகளின் மௌன நாள், பேசலாகாது. ஒளி பாய்ச்சும் விளக்குகள் மூன்று மட்டுமே பயன்படுத்தலாம். இருண்ட அறை, மூன்றே வாய்ப்பு. முதலிரண்டும் வீணாயின. மூன்றாவது வாய்த்தது. இராட்டை முன்னிற்க, காந்தியடிகள் தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் அப்படத்தை அறியாதார் இலர்.

அதே அம்மையார் 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைப் பேட்டி கண்டார். அன்று சில மணி நேரத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி கேட்டு பிர்லா மாளிகைக்கு ஓடிவந்த பர்க்-ஒயிட், உடல் கிடத்தப்பட்டிருந்த அறைக்குள் கருவியை மறைத்துக் கொண்டுசென்று ஒளி விளக்கை இயக்கிவிட்டார். துக்கத்தில் அமர்ந்திருந்தோர் கொதித்தனர். படச்சுருளை அகற்றச் செய்து அவரை வெளியேற்றினர்.

நூற்கக் கற்றுக்கொண்டு பணிவுடன் காத்திருந்தவரும், துக்க அறையில் விளக்கைக் கொளுத்தியவரும் ஒருவரே! நிபந்தனை விதிப்பவர் உயிருடன் இருந்தவரை நெறி நின்றது. அவர் கண்மூடியதும் தொழிலின் வேகம் நெறியை வென்றது. நல்லவேளையாக, அம்முகத்தைக் காக்க அங்கே பலர் சூழ்ந்திருந்தனர். காக்க ஒருவரும் இல்லாத முகங்கள் எத்தனை! இவ்விடத்தில்தான் நம் கதை தொடங்குகிறது.

புயலுக்கு மறுநாள்

1977 நவம்பர் 12ஆம் நாள், நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறிய புயலை அப்பகுதியினர் இன்னும் மறக்கவில்லை. 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல இலட்சம் பேர் வீடிழந்தனர். நமக்கு அப்போது வயது 25. பெரியவர் காலமாகிவிட்டிருந்தார். சொந்தமாக ஒரு ‘யாஷிகா’ கருவி வாங்கி, வார இதழ் ஒன்றுக்குப் படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மாலை நாகூரில், கடலை நோக்கிச் செல்லும் தெருவொன்றில் நடந்தோம். தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஓடுகள் தெருவெங்கும் சிதறியிருந்தன. சுருளில் இருந்த 12 படங்களில் பத்து முடிந்திருந்தது. இடிந்த சுவரொன்றின் மேல் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பித்தளைச் செம்பு. நனைந்த துப்பட்டி தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. கண்ணீர் வழிந்த முகத்துடன் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை ஒளி பக்கவாட்டில் விழுந்தது. இதைப் போன்றதொரு முகம் வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கும் என்று தோன்றியது. சந்தடியின்றி நெருங்கினோம். பதினொன்றாவது படம் பதிந்தது.

அச்சிறு ஓசையைக் கேட்டு அவர் திரும்பினார். நம்மையும் கருவியையும் கண்டார். பதறித் துப்பட்டியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. ஒளி மங்குமுன் இன்னொரு தெருவைப் பார்த்துவிட வேண்டுமென்று விரைந்தோம். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

படத்தைக் கண்ட இதழாசிரியர் மகிழ்ந்து, அப்பெண்மணி யார் என்று கேட்டு எழுதினார். நமக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். ‘யாருமற்றவர் போலிருக்கிறது’ என்று எழுதினோம். இதழில் அப்படம் முழுப்பக்கத்தில் வெளியாயிற்று. ‘போலிருக்கிறது’ என்ற சொல் மட்டும் காணவில்லை. ‘யாருமற்ற மூதாட்டி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. வழக்கமானதைப் போல் இருமடங்கு பணமும் வந்தது.

நான்கு மாதங்கள் சென்றன. ஒருநாள் காலையில் ஒருவர் கடைக்கு வந்து, நாகூர்ப் புயல் படத்தை எடுத்தவர் நீங்கள்தாமா என்று கேட்டார். ஆம் என்று பெருமையுடன் சொன்னோம். “என் மாமியார் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்” என்றார் அவர். நம் பெருமை அந்த ஒரு சொல்லில் உதிர்ந்தது. யாருமற்றவருக்கு மருமகன் ஏது?

நெகட்டிவையும் உடன் எடுத்துக்கொண்டு சென்றோம். திண்ணையில் துப்பட்டி போர்த்தி அமர்ந்திருந்த அம்மையாருக்கு ஸலாம் உரைத்தோம். அவர் பதில் ஸலாம் கூறிவிட்டு, “அன்றைக்குச் சொல்லாமல் போன ஸலாமா இது, வாப்பா?” என்று கேட்டார்.

அமரச் சொல்லித் தேநீர் தரச் செய்தார். நாம் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பினாங்கிலிருந்து வந்த கடிதமொன்றை நீட்டினார். அங்கே உணவுக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மகன் எழுதியது. ஊர்க்காரர் ஒருவர் அந்த இதழைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். ‘உம்மா, மாதந்தோறும் நான் அனுப்பும் பணம் வந்து சேர்வதில்லையா? உங்களை யாருமற்றவர் என்று போட்டிருக்கிறார்களே. நான் இருந்தும் இல்லாதவன் ஆகிவிட்டேனா?’ என்று மகன் கேட்டிருந்தான்.

“மூன்று நாள் சாப்பிடவில்லையாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்” என்றார் அம்மையார். பிறகு அமைதியாக, “அன்று என்னை மகள் வீட்டுக்கு அழைத்துப் போக மருமகன் வண்டி பார்க்கப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருந்தேன். இருந்த வீடு போயிற்றே என்று அழுதேன். யாரும் இல்லை என்று அழவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, வாப்பா!” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. பையிலிருந்த நெகட்டிவையும் கத்தரிக்கோலையும் எடுத்து, “உம்மா, உங்கள் கண்முன்பே இதை வெட்டிவிடுகிறேன்” என்றோம்.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “வெட்டாதே. புயல் அடித்தது மெய். நான் அழுததும் மெய். கீழே எழுதினதுதான் பொய். நீயே வைத்துக்கொள். என் பிள்ளைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் காட்டாதே” என்றார்.

அத்துடன் விடவில்லை. இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அஸர் தொழுதபின் எடுக்க வேண்டும். வெள்ளைத் துப்பட்டி அணிந்துதான் இருப்பேன். மகளின் பிள்ளைகள் இருவரும் இருபுறமும் நிற்க வேண்டும். ஒரு படி பினாங்குக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நிபந்தனை விதிப்பது பெரிய மனிதர்களின் உரிமை என்று அதுவரை எண்ணியிருந்தோம். கேட்க ஒருவர் இருந்தால் எவரும் நிபந்தனை சொல்வர் என்று அந்த மாலையில் கண்டோம். அவர் சொன்னபடியே எடுத்தோம். படியைப் பினாங்குக்கு அனுப்பினோம். அந்த நெகட்டிவை, மறைந்த பெரியவரின் வழக்கப்படி, உறையிலிட்டு அவர் கையில் கொடுத்தோம். இதழாசிரியருக்கும் உண்மையை எழுதினோம். ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் மூன்று வரித் திருத்தம் வந்தது. முழுப்பக்கப் படத்தைக் கண்டவர்களில் எத்தனை பேர் அம்மூன்று வரிகளைக் கண்டிருப்பர்!

பெயர் கேட்கப்படாத இருவர்

இத்தகைய பிழை நமக்கு மட்டுமே உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆறுதலுக்காக அன்று, எச்சரிக்கைக்காக இரண்டைச் சொல்கிறோம்.

1936ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், விளைச்சல் அழிந்த பட்டாணித் தோட்டமொன்றின் ஓரத்தில் கூலித் தொழிலாளர் முகாமிட்டிருந்தனர். அரசுப் பணியில் இருந்த டொரதியா லாங் என்னும் கலைஞர், அங்கே குழந்தைகள் சூழ அமர்ந்திருந்த 32 வயதுத் தாயொருத்தியைச் சில நிமிடங்களில் சில படங்கள் எடுத்துச் சென்றார். பெயரைக் கேட்கவில்லை. படம் செய்தித்தாளில் வந்ததும் அரசு அம்முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப் பொருள்களை அனுப்பியது. அதற்குள் அத்தாய் தன் பிள்ளைகளுடன் வேறிடம் சென்றுவிட்டிருந்தாள். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற பெயரில் அப்படம் அமெரிக்க வறுமைக் காலத்தின் அடையாளமாயிற்று. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அவருடைய பெயர் 1978ஆம் ஆண்டில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள்! அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வந்ததில்லை, அது எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்று அவர் மனம் வெதும்பிச் சொன்னார். நாம் நாகூர்த் திண்ணையில் தலைகுனிந்து அமர்ந்ததும் அதே 1978ஆம் ஆண்டு என்பதைப் பின்னர் படித்தபோது உடல் சிலிர்த்தது.

மற்றொருவர் ஷர்பத் குலா. ஆப்கானியப் போரால் அகதியாகிப் பெஷாவர் அருகே நாசிர் பாக் முகாமில் இருந்த சிறுமி. 1984ஆம் ஆண்டில் ஸ்டீவ் மக்கரி என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அச்சிறுமியைப் படமெடுத்தார். 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழின் அட்டையில் அந்தப் பச்சை விழிகளை உலகமே கண்டது. அவர் மட்டும் காணவில்லை. 2002ஆம் ஆண்டில் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் படத்தைக் காட்டியபோதுதான் தம் முகத்தை அவர் முதன்முறையாக அதில் பார்த்தார். முன்பின் அறியாத அயலார் படமெடுத்ததால் அன்று சினம் கொண்டிருந்ததையும் நினைவுகூர்ந்தார். அவ்விழிகளில் அச்சத்தைக் கண்டோம், துயரத்தைக் கண்டோம் என்று உலகம் பதினேழு ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தது. அது சினம் என்று சொல்ல வேண்டியவரிடம் எவரும் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டில் அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தானில் அவர் கைதாகி ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டதும், 2021ஆம் ஆண்டில் இத்தாலி அவருக்குப் புகலிடம் அளித்ததும் உலகச் செய்திகள் ஆயின. அவர் விரும்பிய வாழ்வு மறைவில் வாழும் வாழ்வு; அவருக்கு வாய்த்ததோ உலகறிந்த முகம்.

இப்படங்கள் எடுக்கப்பட்டிருக்கலாகாது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பட்டினி கிடந்த முகாமுக்கு உணவு சென்றது உண்மை. ஷர்பத் குலாவின் முகத்தால் ஆப்கானியச் சிறுமிகளின் கல்விக்கு ஒரு நிதி உண்டானதும் உண்மை. உலகம் கண்ணெடுத்துப் பாராத துன்பத்தைப் பார்க்கச் செய்யும் ஆற்றல் படத்துக்கு உண்டு. ஆயின் அந்த நன்மைக்கு விலையாகத் தம் முகத்தைக் கொடுத்தவரிடம், உம் பெயர் என்ன, உம் கதை என்ன, கொடுக்கச் சம்மதமா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? சர்ச்சிலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கார்ஷ் சுருட்டைப் பறித்தார். இடிந்த சுவரின் மேல் அமர்ந்திருந்தவரிடம் நாம் அந்த மன்னிப்பையும் கேட்கவில்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. மணவீட்டிலும் நோயாளியின் கட்டிலருகிலும் மய்யித்து வீட்டிலும் கைபேசி உயர்கிறது. எடுத்த படம் அடுத்த நொடியில் கடல் கடந்து போகிறது. பினாங்கு மகனுக்கு அந்த இதழ் போய்ச் சேரச் சில வாரங்கள் ஆயின. இன்று அந்த அவகாசமும் இல்லை. ஆகவே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: முதலில் ஸலாம், பிறகு கேள்வி, அதன் பிறகே படம்.

அந்த அம்மையார் 1991ஆம் ஆண்டில் காலமானார். நெகட்டிவ் நம் தகரப் பெட்டியில், உறைக்குள் அப்படியே இருந்தது. இடையில் கண்காட்சி நடத்தியோர் இருவர் கேட்டனர், இல்லையென்றே சொல்லிவிட்டோம். சில ஆண்டுகளுக்குமுன் நடுத்தர வயதுடைய ஒருவர் நம் வீட்டைத் தேடி வந்தார். பினாங்கு மகனின் மகன் அவர். “பாட்டியின் படம் ஒன்று உங்களிடம் அமானிதமாக இருப்பதாக வாப்பா சொல்லிவிட்டுப் போனார்கள்” என்றார். பெட்டியைத் திறந்து உறையை அவர் கையில் வைத்தோம். சன்னல் ஒளியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸலாம் சொல்லிப் புறப்பட்டார்.

இவ்வளவு சொன்ன கட்டுரையுடன் அப்படத்தையும் வெளியிட்டிருக்கலாகாதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அது நம்மிடம் இல்லை. உடையவர்களிடம் சேர்ந்துவிட்டது.